26 லட்சம் டாலரும் ஒரு வாக்கியமும்

1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனது செலவின மசோதாவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் (சிடிசி) காயத் தடுப்புக்கென ஒதுக்கப்படும் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். ஆய்வு செய்யலாகாது என்று அதில் எங்கும் இல்லை. எனினும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மையம் துப்பாக்கிச் சாவுகள் குறித்த ஆய்விலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது.

இதன் தொடக்கம் 1993இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை. ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய குழுவினரும் சிடிசியின் நிதியுதவியுடன் மூன்று மாவட்டங்களில் வீடுகளில் நிகழ்ந்த கொலைகளை ஆராய்ந்தனர். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகம் என்பது அவர்களது முடிவு. வரிப்பணத்தில் அரசியல் பிரச்சாரம் நடக்கிறது என்று தேசிய ரைபிள் சங்கம் கொதித்தது. காயத் தடுப்பு மையத்தையே மூடிவிட முயன்றது. ஆய்வுமுறை குறித்த ஆட்சேபங்கள் முற்றிலும் வெற்றுக் கூச்சல் அல்ல. ஆபத்தை எதிர்பார்ப்பவரே துப்பாக்கி வாங்குகிறார் என்றால், எது காரணம், எது விளைவு என்னும் கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் குறையுள்ள ஆய்வுக்கு மறுமொழி மேலும் சிறந்த ஆய்வு. காங்கிரஸ் தேர்ந்த வழி வேறு.

அந்த வாக்கியத்தைக் கொண்டுவந்தவர் ஆர்கன்சாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜே டிக்கி. கூடவே 26 லட்சம் டாலரும் வெட்டப்பட்டது. துப்பாக்கி ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான தொகையும் அதுவே. பின்னர் அப்பணம் மூளைக்காய ஆய்வுக்கென்று திருப்பி அளிக்கப்பட்டது. செய்தி எல்லோருக்கும் புரிந்தது. (மசோதாவில் கையொப்பமிட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.) ‘ஆதரவு திரட்டல்’ எங்கே தொடங்குகிறது என்பதற்கு வரையறை கிடையாது. எல்லை தெரியாத இடத்தில் அதிகாரி எல்லைக்கு வெகுதூரம் தள்ளியே நிற்பார். அரசு நல்கையை நம்பியிருக்கும் இளம் ஆய்வாளர் வேறு தலைப்புக்குப் போய்விடுவார். தடையால் ஆகாததை அச்சம் செய்து முடித்தது.

2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கம்போல் ஜனநாயகக் கட்சியினர் துப்பாக்கியையும் குடியரசுக் கட்சியினர் மனநலத்தையும் பேசினர். எந்த வாதத்தையும் சோதித்துப் பார்க்கப் போதிய தரவு இருக்கவில்லை. அந்த மாதமே டிக்கி, 1996இல் தம் எதிரணியில் நின்ற காயத் தடுப்பு மையத்தின் அன்றைய இயக்குநர் மார்க் ரோசன்பெர்க்குடன் சேர்ந்து ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழில் எழுதினார். கார்களைத் தடை செய்யாமலே சாலைச் சாவுகளை ஆய்வு குறைத்ததல்லவா என்பது இருவரின் வாதம்.

அவ்வாண்டு டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். ஆய்வைத் தொடங்குமாறு ஒபாமா பணித்தார். கேட்ட 1 கோடி டாலரைக் காங்கிரஸ் தரவில்லை. 2018இல் பார்க்லாந்து பள்ளிப் படுகொலைக்குப் பிறகே, ஆய்வுக்குத் தடையில்லை என்னும் விளக்கம் செலவினச் சட்டத்துடன் வந்தது. 2019 டிசம்பரில் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, சிடிசிக்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. டிக்கி 2017இலேயே காலமாகியிருந்தார். பணம் வந்தபோதும் அவருடைய வாக்கியத்தை யாரும் நீக்கவில்லை.