மெய்ப்பையும் விமானியின் தோற்சட்டையும்

வேந்தனின் பாசறையில் பணிபுரிந்த யவனர் ‘மெய்ப்பை’ அணிந்திருந்தனர் என்கிறது முல்லைப்பாட்டு. போர்க்களத்துச் சட்டை தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. ‘தோல்’ என்னும் சொல்லும் அங்ஙனமே: சங்கப் பாடல்களில் அது கேடயம், தொல்காப்பியத்தில் எண்வகை வனப்புகளுள் ஒன்று. (கவிஞர்கள் நினைவிற்கொள்க.) எனினும், அணிந்தவனைப் பேசும் வரலாறு பதனிட்டவனைப் பேசுவது அரிது.

முதல் உலகப் போரில் விமானியின் இருக்கைக்குக் கூரையில்லை. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். துணி காற்றை உள்ளே விடும்; தோல் விடாது. அமெரிக்கப் படை 1917இல் விமானிகளின் உடைக்கெனத் தனி வாரியம் அமைத்தது. 1931இல் அது ஏற்றுக்கொண்ட ‘ஏ-2’ சட்டை பெரும்பாலும் குதிரைத் தோலால் ஆனது. பிரித்தானியர் உரோமம் களையாத செம்மறித் தோலை நாடினர். 1942 முதல் அசாமிலிருந்து இமயத்தொடரைக் கடந்து சீனம் சென்ற அமெரிக்க விமானிகள் பலர், சீன எழுத்துப் பொறித்த துண்டொன்றைச் சட்டையில் தைத்துக்கொண்டனர். ‘உதவ வந்த இவ்வயலாரை மீட்டுக் காப்பீர்’ என்பது அதன் கருத்து. தூதோலை நாம் அறிந்ததே. இதுவோ உடலோடு ஒட்டிய ஓலை!

இச்சட்டைகளின் காலத்துக்குச் சற்று முன்னரே நம் மண்ணின் தோலும் போருக்குச் சென்றது, மேனிக்கன்று, காலுக்கு. சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போயிற்று. பிரித்தானியப் படையின் காலணிகளுக்கு அது இன்றியமையாததாக இருந்தமையால், 1916இல் அரசு அதன் கொள்முதலைத் தன்வசப்படுத்தியது. சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவிட்டு, கடுக்காய் நீரில் நனைத்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். அந்நெடியில் வாழ்நாளைக் கழித்த கைகள் எத்தனை!

சாயர்புரத்தைச் சூழ்ந்த வறண்ட நிலங்களில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரையே அது. மடலேறும் தலைவன் சூடும் ஆவிரை என்றால் புலவருலகு உடனே அறியும். பட்டையை உரித்தவரையோ தோலைப் புரட்டியவரையோ அறியாது. தீட்டென்று ஒதுக்கவும் செய்தது. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு, விழா நெருங்க, மழையும் பெய்ய, தோல்வாரால் கட்டில் பிணிக்கும் தொழிலாளியின் ஊசியை உவமை காட்டுகிறார். நுட்பமான கண்! ஆயினும் அத்தொழிலாளிக்கு அப்பாட்டு இட்ட பெயர் ‘இழிசினன்’.