பேறுகாலத் துயரும் புதிய மருந்தும்

கெசல்கமு ஓயா பாயும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. அவற்றை வளர்த்தவர், தமிழகத்துச் சிற்றூர்களினின்று வந்த தொழிலாளர். தோட்டத் தொழிலாளரின் பிணிகளைக் கவனிக்க 1872ஆம் ஆண்டிலே மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்து, பிள்ளை பெற்றவளின் கூலியையும் ஓய்வையும் நோக்கிற்று. ஆனால், பெற்றபின் ஓயாது அழுபவளை, உறக்கம் தொலைத்தவளை, குழந்தையின் முகத்தைக் காணவும் மனமற்றவளை எச்சட்டம் நோக்கிற்று? லயத்து மூதாட்டியர் அதனைச் சன்னி என்றோ பேய்க்கோளாறு என்றோ கூறினர். அவர்களேனும் அதற்கு ஒரு பெயரிட்டார்கள்!

மேலைநாட்டு மருத்துவமும் இதில் விரைந்து நடக்கவில்லை. 1858இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே பேறுகால மனநோய்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1957இல், சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். பின்னர் வந்த சேர்ட்ரலின் முதலியவற்றின் பக்கவிளைவுகள் குறைவு. பாலூட்டும் தாயர்க்கு இன்றும் மருத்துவர் பெரிதும் தேர்வது சேர்ட்ரலினையே. எனினும் இம்மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் செல்லும். பச்சிளங்குழவியை மடியில் வைத்திருப்பவளுக்கு அது நெடுங்காலம்.

கருவுற்ற காலத்தில் உடலிற் பெருகும் புரோஜெஸ்தரோன் என்னும் சுரப்பிலிருந்து, மூளையை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. பிள்ளை பிறந்ததும் அது திடுமெனக் குன்றிவிடும். அவ்வீழ்ச்சியைத் தாங்கமாட்டாத தாயர் சிலர் உளர் என்ற கருத்திலிருந்தே புதிய மருந்துகள் தோன்றின. 2019இல் அமெரிக்கா அனுமதித்த பிரெக்சனலோனை 60 மணி நேரம் நரம்பு வழியே ஏற்றவேண்டியிருந்தது. 2024இன் இறுதியோடு அதன் விற்பனை நின்றது. 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்ற சூரனலோனோ வெறும் மாத்திரை. மாலையில், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள் உண்டால் போதும். மூன்றாம் நாளிலேயே தேறுதல் காணப்பட்டதென ஆய்வு கூறுகிறது. அந்த ஆய்வில் தாயர் பாலூட்டலை நிறுத்திவைத்தே மருந்துண்டனர் என்பதையும், அமெரிக்காவில் அதற்கு 15,900 டாலர் விலை குறிக்கப்பட்டதையும் மறத்தலாகாது.

அம்மாத்திரையினும் முன்னதாகத் தோட்டத்துத் தாயை எட்டவல்லது ஒரு வினாத்தாள். 1987இல் ஜோன் கொக்ஸும் துணைவரும் எடின்பரோவில் அமைத்த அதில் 10 வினாக்கள் உண்டு. தமிழிலும் அது கிடைக்கிறது. தன்னைத் தானே ஊறுசெய்யும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது வினா. மாமியாரும் கணவனும் மூத்த பிள்ளைகளும் ஒரே அறையில் வாழும் லயத்தில், அதற்கு விடை பெற விரும்பும் மருத்துவிச்சி, தாயைத் தனியே அழைத்துக்கொண்டு தேயிலை நிரைகளுக்குள் சற்றுத் தொலைவு நடக்கவேண்டியிருக்கும்.