'சாஃபிக்' என்னும் சொல்: யாப்பும் காதலும்

திறவுச்சொற்கள்: சாஃபோ, சாஃபிக், கிரேக்க யாப்பு, பெண்களிடைக் காதல், சொற்பொருள் வரலாறு

முன்னுரை

'சாஃபிக்' என்னும் ஆங்கிலச் சொல் இருபொருளுடையது. ஒன்று நான்கடிச் செய்யுள் யாப்பைக் குறிக்கும். மற்றொன்று பெண்கள் தமக்குள் கொள்ளும் காதலைக் குறிக்கும். இரண்டும் லெஸ்பாஸ் தீவின் கிரேக்கப் புலவர் சாஃபோவின் பெயரடியாகப் பிறந்தவை. யாப்புப் பொருள் காதற்பொருளோடு தொடர்பற்றது என்னும் கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

யாப்பின் அமைப்பு

இச்செய்யுளின் முதல் மூன்றடிகள் பதினோரசையும் இறுதியடி ஐந்தசையும் பெறும். ஈண்டு அசை என்றது நேர், நிரை என்னும் தமிழ் அசையை அன்று. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலியலகையே ஆகும். அலெக்சாந்திரிய அறிஞர் தொகுத்த சாஃபோ பாடல்களின் முதற்றொகுதி முழுவதும் இவ்யாப்பில் அமைந்தது. அதன் அளவு 1320 அடிகள் என எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு குறிக்கிறது. அஃதாவது 330 செய்யுள்கள். சாஃபோவின் காலத்தவரான அல்கேயசும் இதனைக் கையாண்டார்; எனினும் யாப்பு சாஃபோவின் பெயரையே பெற்றது.

உரோமில் நேர்ந்த பிரிவு

கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டல்லஸ், சாஃபோவின் பாடலொன்றை அதே யாப்பில் இலத்தீனாக்கினார். மூலத்தில் பெண்ணை நோக்கிப் பெண் கூறியது, இலத்தீனில் லெஸ்பியா என்னும் பெண்ணை நோக்கி ஆண் கூற்றாயிற்று. யாப்பு நின்றது, காதலின் பால் மாறியது.

ஓரேஸ் தம் மடலொன்றில், யாப்பைப் பற்றிப் பேசுமிடத்து, சாஃபோவை 'ஆண்மையுடையவள்' என்னும் பொருள்பட அடைகொடுத்துக் கூறினார். உரையாசிரியர் போர்ஃபிரியோ இவ்வடைக்கு இருவகையாகப் பொருள் கூறுகிறார்: ஆடவர் மிகுதியும் சிறக்கும் பாட்டுத்துறையில் அவள் புகழ்பெற்றமை, பெண்களை விழைந்தவள் எனப் பழிக்கப்பட்டமை. ஒரே சொல்லில் புலமையும் காதலும் அன்றே இணைத்து நோக்கப்பட்டன.

விகுதியின் எடை

அஃப்ரோதித்தேயை வேண்டும் சாஃபோவின் பாடலில், காதலிக்கப்படுபவர் பெண் என்பதை ஓர் எச்சத்தின் பெண்பால் விகுதி மட்டுமே காட்டுகிறது. அச்சொல் செய்யுளின் ஐந்தசை இறுதியடியில் நிற்கிறது. ஏடுகளில் சிதைந்திருந்த அவ்விடத்திற்குத் தியோடர் பெர்க் 19ஆம் நூற்றாண்டில் பரிந்துரைத்த பெண்பாற் பாடத்தையே இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். காதற்பொருளைத் துணிவதற்கும் யாப்பறிவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆங்கிலத்தில்

ஆங்கிலத்தில் யாப்புப் பொருளே முந்தியது. காதற்பொருள் பின்னர்ப் பரவி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ நூல்களில் நோய்ப்பெயர் போல இடம்பெற்றது. சுவின்பர்ன் 1866இல் வெளியிட்ட பாடல் இவ்யாப்பில் அமைந்து, லெஸ்பாஸ் பெண்களின் காதலையே பொருளாகக் கொண்டது. அதன் தலைப்பில் இருபொருளும் ஒருங்கே நிற்கின்றன.

முடிவுரை

யாப்புப் பொருள் காதலினின்று இயல்பாக விலகி நின்றதன்று. கட்டல்லஸ் போன்றோர் காதலின் பாலை மாற்றி வடிவத்தை மட்டும் கைக்கொண்டமையால் விலகியது. எனவே இச்சொல்லை விளக்கும் அகராதிகளும் இலக்கிய வரலாறுகளும் இருபொருளையும் தொடர்பற்ற இரு பதிவுகளாகக் கொள்ளாது, ஒரே வரலாற்றின் இரு கூறுகளாகக் காட்டுதல் தகும்.