கணக்கில் ஏறாத கன்றுகள்



கணக்கீட்டுப் பாடத்தில் நாம் மாணவர்களிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. 7 வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் 100 ரூபாய்க்கு இன்றைய பெறுமதி என்ன? 10 சதவீத வட்டி என்று வைத்தால் வெறும் 51 ரூபாய். 30 வருடம் என்றால் 6 ரூபாய்கூடத் தேறாது. கம்பனிகள் நீண்டகால முதலீட்டை எடைபோடுவது இந்தத் தராசில்தான். 7 வருடம் என்று கேட்பதற்குக் காரணம், நட்ட இறப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கும்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு போனார். 1,000 விதைக்கு 10 பவுண் கூலி. (திருட்டா இல்லையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.) முளைத்தவை சிலவே. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து, நம் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன.

அப்போது தோட்டத் துரைமார் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்? 1869இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கியே முறிந்தது. கடனில் நின்றவர்களுக்குச் சீக்கிரம் கொழுந்து தரும் தேயிலைதான் கண்ணுக்குத் தெரிந்தது. சிலர் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். எல்லோரும் ஓடியதால் அதன் விலை விழுந்தது. இறப்பரை வாங்க அன்று பெரிய சந்தையும் இல்லை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நமக்கு மனம் வராது. அவர்களுடைய கணக்கு சரிதான். டன்லப்பின் காற்று டயர் வந்ததே 1888இல். மோட்டார் வண்டி பெருகும் என்பதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

காத்திருந்த செலவைச் சுமந்தது அரச தாவரவியல் தோட்டம். பேராதனைப் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் ஹெனரத்கொடை மரங்களை வெட்டி, எவ்வளவு பால் வருகிறது என்று அளந்து வைத்தார். சிங்கப்பூரில் ரிட்லி இதையே சொல்லித் திரிந்ததற்கு ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம்தான் கிடைத்தது. 1910இல் லண்டனில் ஓர் இறாத்தல் 12 சிலிங்கைத் தாண்டியபோது, ஹெனரத்கொடை விதை எப்போதோ தோட்டங்களாகியிருந்தது.

அதற்குப் பிறகு துரைமாரும் மாறினார்கள். 1909இல் களுத்துறைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, பால் உறைவதை ஆராய ஓர் இரசாயனவியலாளரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். இன்றைய இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் அதுதான்.

1952இல் சீனாவுடன் அரிசி–இறப்பர் ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருடமே மீள்நடுகைக்கு மானியச் சட்டம். கிழட்டு மரத்தை வெட்டினால் 7 வருடம் அடுப்பெரிய வழியில்லை என்பதை அன்றைய அரசு விளங்கியிருந்தது.

இன்று நம் பக்கத்தில் வாப்பாமார் நட்ட இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மரங்கள் 30 வருடம் தாண்டி நிற்கின்றன. பால் குறைந்துவிட்டது. விற்பதா, மீண்டும் நடுவதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நாமும் அந்த 51 ரூபாய்க் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறோம். காட்டிவிட்டு ஹெனரத்கொடைக் கதையையும் சொல்கிறோம்.