அளவுகோலை யார் அளப்பது?

திட்டக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் படித்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தந்தை விருத்தாசலத்தில் பீங்கான் சூளைத் தொழிலாளி. ஆசிரியர் சொன்னதன் பேரில் பெற்றோர் அவனை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே உளவியலாளர் சில வினாக்கள் கேட்கிறார், சில கட்டைகளை அடுக்கச் சொல்கிறார். முடிவில் ஒரு தாளில் 71 என்று எழுதுகிறார். அதுவே அவனுடைய நுண்ணறிவு ஈவு.

இந்த எண்ணின் வலிமை சிறிதன்று. 2001-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிமுறைகளின்படி 50 முதல் 69 வரை ஈவு பெற்றவர்க்கு 50 விழுக்காடு ஊனம் என்றும், 70 முதல் 79 வரை பெற்றவர்க்கு 25 விழுக்காடு என்றும் கணக்கிடப்பட்டது. அரசின் பெரும்பாலான உதவிகளைப் பெறக் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும். 69 என்றால் உதவி கிடைக்கும். 71 என்றால் கிடைக்காது. ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தாங்கும் இந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது? விடை காண நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பாரிசில் பிறந்த சோதனை

மனத்தை அளக்கும் முயற்சியை இங்கிலாந்தின் கால்டன் 1884-இல் தொடங்கினார். கைப்பிடியின் வலிமை, ஒலிக்கு எதிர்வினை காட்டும் வேகம் போன்றவற்றை அவர் அளந்தார். அமெரிக்காவில் கேட்டல் என்பார் இவ்வழியைப் பின்பற்றினார். ஆனால் 1901-இல் விஸ்லர் என்பவர் கணக்கிட்டுப் பார்த்தபோது, இவ்வளவைகளுக்கும் கல்லூரி மாணவர்களின் படிப்புத் திறனுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. துல்லியமாக அளந்தார்கள், ஆனால் அளந்தது அறிவையன்று!

1904-இல் பிரெஞ்சு அரசு, சாதாரண வகுப்பில் கற்க இயலாத குழந்தைகளுக்கு வழி காண ஒரு குழு அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்ஃபிரெட் பினே, மருத்துவர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் 30 பணிகள் கொண்ட சோதனையை வெளியிட்டார். 1908-இல் அவற்றை வயதுவாரியாகப் பிரித்து 'மன வயது' என்ற கருத்தைப் புகுத்தினார். மன வயதைக் கால வயதால் வகுக்கும் முறையை 1912-இல் ஜெர்மானியர் ஸ்டெர்ன் கூறினார். அந்த ஈவை நூறால் பெருக்கி எழுதும் வழக்கத்தை 1916-இல் அமெரிக்கரான டெர்மன் பரப்பினார்.

பினே 1911-இல் காலமானார். அறிவு மாறாத ஒன்று என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்று கண்டறியவே அவர் சோதனை செய்தார்; குழந்தைக்கு நிலையான முத்திரை குத்துவதற்காக அன்று.

இந்திய மண்ணில்

கடல் கடந்து வந்த சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் போதுமா? போதாது. ஓசை இயையும் சொற்களைக் கூறச் சொல்லும் வினா மொழி மாறினால் பொருளிழக்கும். எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் வினாவுங்கூட மொழிக்கு மொழி கடினத்தில் வேறுபடும். நீண்ட சொற்களை நினைவில் வைப்பது குறுகிய சொற்களை வைப்பதினும் அரிது அல்லவா? ஆகவே ஒவ்வொரு வினாவையும் புதிதாக அலச வேண்டியிருந்தது.

லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ் 1922-இல் இந்துஸ்தானியில் ஒரு சோதனையை அமைத்தார். இந்தியாவின் முதல் நுண்ணறிவுச் சோதனையாக இது கருதப்படுகிறது. 1929-இல் வெளியான அவரது நூலின் தலைப்பே பஞ்சாபின் சில சாதியினரின் அறிவை ஒப்பிடுவதாகக் கூறியது. கல்வி வாய்ப்பே சமமாக இல்லாத இடத்தில் இத்தகைய ஒப்பீடு பிறவி அறிவைக் காட்டுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

தார்வாரில் வி.வி. காமத், பினே சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தியமைத்து 1940-இல் நூலாக வெளியிட்டார். 'பினே–காமத் சோதனை' எனப்படும் இது பின்னர் மற்ற மொழிகளுக்கும் சென்றது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கி வருவதும் இதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் தோன்றியது.

முதல் தேர்வு: நம்பகம்

நம் சிறுவனின் தந்தைக்குச் சூளையைப் பற்றித் தெரியும். கொதிக்கும் சூளைக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் பீங்கான் தொழிலில் 'சீகர் கூம்பு' என்னும் சிறு கூம்புகளைப் பண்டங்களோடு உள்ளே வைப்பார்கள். ஜெர்மானிய வேதியியலார் சீகர் 1886-இல் உருவாக்கியது இது. வேண்டிய அளவு வெப்பம் ஏறியதும் கூம்பின் நுனி வளையும். ஒரே எண்ணுள்ள இரு கூம்புகள் ஒரே சூட்டில் ஒன்று வளைந்து மற்றது நிமிர்ந்து நின்றால் அவற்றை யார் நம்புவார்?

மனச் சோதனைக்கும் இதே விதிதான். திரும்ப நடத்தினாலும், வினாக்களை இரு பாதியாகப் பிரித்துப் பார்த்தாலும், விடைகள் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். இதுவே நம்பகத்தன்மை. இதற்கான கணித வழியை ஸ்பியர்மன் 1904 முதல் வகுத்தார். நம் நாட்டில் புள்ளியியல் மேதை மகலனோபிஸ், வங்காள மொழியில் அமைந்த குழு நுண்ணறிவுச் சோதனை ஒன்றின் நம்பகத்தை ஆராய்ந்து 'சாங்க்யா' இதழின் முதல் தொகுதியில், 1933-இல், கட்டுரை வெளியிட்டார். சோதனையைக் கொண்டு மாணவனை அளக்குமுன் சோதனையையே அளக்க வேண்டும் என்ற தெளிவு அன்றே இங்கு இருந்தது.

எந்தச் சோதனையும் முழு நம்பகம் உடையதன்று. நம்பகக் கெழு 0.90, திட்ட விலக்கம் 15 என்று கொள்வோம். 1-லிருந்து 0.90-ஐக் கழித்து, வர்க்கமூலம் கண்டு, 15-ஆல் பெருக்கினால் பிழை ஏறத்தாழ 5 புள்ளி. அதாவது 71 என்பது ஒரு புள்ளியன்று. 66-க்கும் 76-க்கும் இடைப்பட்ட ஒரு பட்டை எனலாம். உண்மை அந்தப் பட்டைக்கு வெளியேயும் இருக்கக்கூடும்.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். பினே–காமத் சோதனையில் இவ்வயதினருக்கு ஆண்டுக்கு ஆறு வினாக்கள். ஒவ்வொரு சரியான விடைக்கும் இரண்டு மாத மன வயது. சிறுவனின் கால வயது 96 மாதம். மன வயது 68 மாதம் என்றால் ஈவு 71. ஒரு விடை தவறியிருந்தால் 66 மாதம், ஈவு 69! வெளியே ஒலித்த பேருந்தின் ஊதல் அவன் கவனத்தை ஒரு நொடி சிதறச் செய்தால் போதும், 25 விழுக்காடு 50 விழுக்காடாகிவிடும்.

இரண்டாம் தேர்வு: ஏற்புடைமை

அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா என்பது அடுத்த கேள்வி. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் சுமார் பதினேழரை லட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது அதில் ஒரு வினா. அது அந்நாட்டுக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. அண்மையில் குடியேறியவர் அதை அறியாதது அறிவுக்குறைவு ஆகுமா?

இச்சிக்கலுக்கு இந்தியாவில் விடை தேடியவர் சி.எம். பாட்டியா. 1955-இல் வெளியான அவரது செயற்சோதனைத் தொகுதியில் ஐந்து பகுதிகள் உண்டு. வண்ணக் கட்டைகளை அடுக்குதல், துண்டுகளை இணைத்துப் படமாக்குதல் போன்றவை அவற்றுள் அடங்கும். நினைவுச் சோதனையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு எண்களுக்குப் பதிலாக ஒலிகளை வைத்தார். படித்தவர்க்கும் படியாதவர்க்கும் தனித்தனி நியமங்கள் அளித்தார். பள்ளி வாசனையே அறியாத சிறுவனைப் பள்ளிச் சிறுவனோடு ஒப்பிடுவது நியாயமன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூன்றாம் தேர்வு: நியமம்

ஈவு என்பது ஓர் ஒப்பீடு. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதே நியமம். நியமத்துக்கும் முதுமை உண்டு. 1984-இல் ஜேம்ஸ் ஃப்ளின், 1932 முதல் 1978 வரை அமெரிக்கரின் மதிப்பெண்கள் ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததைக் காட்டினார். வேறு பல நாடுகளிலும் இத்தகைய உயர்வு காணப்பட்டது. நியமத்தைப் புதுப்பிக்காவிட்டால் இன்றைய குழந்தையின் எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். சுதந்திரத்துக்கு முந்தைய தார்வார்க் குழந்தைகளோடு இன்றைய திட்டக்குடிச் சிறுவனை ஒப்பிட்டுப் பெற்ற 71, புதிய நியமத்தில் இன்னும் குறைவாக வரக்கூடும். உதவி தேவைப்படும் குழந்தை 'தேவையில்லை' என்ற பக்கத்தில் நின்றுவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

ஒரு கூம்பு போதுமா?

2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஊன விழுக்காட்டை வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவையின் அடிப்படையில் கணக்கிடச் செய்தன. தானே உண்பது, உடுத்துவது, கடைக்குச் சென்று வருவது போன்ற அன்றாடத் திறன்களைப் பெற்றோரிடம் கேட்டறியும் அளவை இது. குழந்தையின் வாழ்க்கையையும் கணக்கில் கொள்வதால் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் இதற்கும் அதே மூன்று தேர்வுகள் உண்டு.

ஆகவே எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம். எந்தச் சோதனை? அதன் நியமம் எந்த ஆண்டினது, எம்மக்களுடையது? பிழை எவ்வளவு? குழந்தைக்குப் பழகிய பேச்சுத் தமிழில் வினா கேட்கப்பட்டதா? இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. எண் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றால் மறுமதிப்பீடு கோரலாம்.

சூளை வைப்போர் ஒரே கூம்பை நம்பி நெருப்பை நிறுத்துவதில்லை. வேண்டிய எண்ணோடு அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் சேர்த்து மூன்றாக வரிசையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். மண் பாண்டத்துக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை அந்தத் தந்தை தம் மகனுக்கும் எதிர்பார்ப்பதில் தவறென்ன?