அம்மாவின் பித்தளை ஃபில்டர்

போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவின் காபி ஃபில்டரை பர்மிங்ஹாமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அதை எவர்சில்வர் என்றே நினைத்திருந்தேன். இப்போது விளிம்பில் பூச்சு உரிந்து மஞ்சள் தெரிகிறது. அட, பித்தளை!

ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். தெலுங்கில் 'களாயி' என்று குரல் கொடுப்பார். மரத்தடியில் குழி, கரி, துருத்தி. பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே சுற்று. குப்பென்று வெள்ளைப் புகை வரும், பாத்திரம் வெள்ளியாகிவிடும். பெயர்தான் ஈயம், பூசுவது 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம். (காரீயம் கலந்து ஏமாற்றினால் விஷம்.) புளியும் மோரும் பட்டுப் பித்தளையில் களிம்பு ஏறாமல் காப்பது இதுதான். ஆனால் மெத்தென்ற உலோகம், தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்.

தேயாத பூச்சுக்கு மின்சாரம் வரவேண்டியிருந்தது. நான் இப்போது இருக்கும் இதே பர்மிங்ஹாமில் எல்கிங்டன் குடும்பம் 1840-ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியது. அது தங்கம், வெள்ளிக்கு. 1869-ல் பாஸ்டன்காரர் ஐசக் ஆடம்ஸ் நிக்கல் முலாமைத் தொழிலாக்கினார். நிக்கல் கெட்டி, ஆனால் நாளானால் மங்கும். 1920களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் குழுவினர் குரோமியத்தைப் படியவைக்கும் வழியைச் சரிசெய்தார்கள். குழாய், கைப்பிடி, கார் பம்பர் எல்லாம் மின்னத் தொடங்கின. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. கீறல் படாமல், மங்காமல் பார்த்துக்கொள்வதோடு சரி. அரிப்பைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல்.

அந்த அரை மைக்ரானுக்குத்தான் குரோமிக் அமிலத் தொட்டி. அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் ஆவியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். தொட்டியடியில் நின்றவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டை விழுந்திருக்கிறது.

சித்தூர் வழியாக வாலாஜாபேட்டை பாட்டி வீட்டுக்குப் போகும்போது ராணிப்பேட்டையைத் தாண்டுவோம். முலாம் தொட்டியின் அமிலத்துக்கும் தோல் பதனிடும் குரோம் உப்புக்கும் மூலப்பொருள் ஒன்றே, சோடியம் டைகுரோமேட். அங்கே 1970களின் நடுவிலிருந்து இருபது வருஷம் போல ஓடிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை குரோமேட் உப்புகள் தயாரித்தது. மூடியபோது விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். நிலத்தடி நீர் மஞ்சளாகியது. பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-ல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

ஊரில் வங்கி வேலையில் இருந்தபோது இரண்டு மூன்று முலாம் பட்டறைகளுக்குக் கடன் பரிந்துரைத்திருக்கிறேன். திட்ட அறிக்கையில் தொட்டி, ரெக்டிஃபையர், நிக்கல் தகடு எல்லாவற்றுக்கும் தொகை இருக்கும். கழிவுநீருக்கு ஒரு வரி, சின்னத் தொகை. பி.காம். படித்தவன், ஐந்தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அந்த வரியில் நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று இப்போது கேட்டு என்ன பயன்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமிக் அமிலத் தொட்டிக்குத் தனி அனுமதி வேண்டும். அலங்கார வேலைக்கு மூன்று இணைதிறன் குரோமியம் வந்துவிட்டது. நிறம் கொஞ்சம் மட்டு என்பார்கள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஃபில்டரை இங்கே ஒரு முலாம் கடைப் பெரியவரிடம் காட்டினேன். வெளியே அந்தப் புதுக் குரோமியம் போடலாம் என்றார். உள்ளே? காபி படுகிற இடம், நிக்கல் வேண்டாம், வெள்ளீயம்தான் என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.