பிறவாப் பிள்ளையும் மலாக்காவின் கோவில்களும்

1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பிரான்சிஸ் சேவியர் ரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தமிழ்ப்பெண் வருகிறாள். பெயர் இல்லை. மூன்று நாளாகப் பிரசவ வலியில் கிடந்தவள். பிழைக்கமாட்டாள் என்று பலரும் நம்பிக்கை இழந்துவிட்டிருந்தார்கள். காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறைதான் அந்த ஊர் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சேவியர் உள்ளே போய் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துச் சொல்லி, அவள் சம்மதத்தோடு ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளை பிறந்தது. புருஷனும் மற்றப் பிள்ளைகளும் அன்று பிறந்த சிசுவும் அதே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அந்தச் சிசு வயிற்றிலேயே போயிருந்தால்? கடிதம் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் சேவியருக்குப் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று வருஷம் கழித்து, 1545-இல், முத்துக்குளித்துறையை விட்டு வந்த அவர் மலாக்காவில் இறங்கினார். குன்றின் மேல் 1521-இல் போர்த்துகீசியர் துவார்த்தே கோயெல்யோ கட்டிய சிறு மாதா கோவில் இருந்தது. 1548-இல் அது சேவியரின் சேசு சபையார் கைக்கு வந்தது. பின்னால் விரிவாக்கப்பட்டு மங்கள வார்த்தை மாதாவின் பெயரைப் பெற்றது. கன்னி மரியாளிடம் தேவதூதர் வந்து, நீ கருத்தரிப்பாய் என்று சொன்ன நிகழ்ச்சியே மங்கள வார்த்தை. ஆக, வயிற்றில் வந்த பிள்ளையின் பெயரால் நின்ற கோவில் அது. ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் போகும் சிசுவுக்கு மோட்சம் உண்டு என்று அங்கிருந்த குருக்களால் சொல்ல முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் அந்தச் சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, மிக லேசான தண்டனை என்றார். இடைக்காலத்து வேதசாஸ்திரிகள் மனம் இளகி, துன்பமும் இல்லாத, தேவதரிசனமும் இல்லாத லிம்போ என்ற இடத்தை ஒதுக்கினார்கள். பெற்றவளுக்கு அது எந்த அளவு ஆறுதல் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அப்போது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சேவியர் கடிதம் எழுதிய அதே 1542-இல், ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் கரு கலைந்த பெண்களுக்கென்றே ஒரு சிறு ஆறுதல் நூல் எழுதினார். விசுவாசமுள்ள தாயின் பெருமூச்சையும் ஏக்கத்தையும் கடவுள் ஜெபமாகவே ஏற்கிறார், நீர் படவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட மாட்டார் என்பது அதன் சாரம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அந்த லூத்தரின் வழியில் வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் லூத்தரன்கள் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள்.

மலாக்காவுக்கு இன்னொரு பதில் 1641-இல் டச்சுக்காரர்களோடு வந்தது. குன்றுக் கோவிலைத் தங்களுடையதாக்கி, பவுல் பெயரைச் சூட்டினார்கள். கீழே சிவப்பாக நிற்கும் கிறைஸ்ட் சர்ச் 1753-இல் முடிந்தபின் மேலே இருந்தது கல்லறைத் தோட்டமானது. பக்தியுள்ள பெற்றோர் சிசுவிலேயே இறந்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்று 1618-19-இல் கூடிய டச்சுத் திருச்சபையின் டார்ட் மாநாடு எழுதி வைத்திருந்தது. பக்தியுள்ள பெற்றோர் என்ற நிபந்தனை இல்லாமல் அவர்களுக்கும் மனம் வரவில்லை. அதே கிறைஸ்ட் சர்ச் பின்னால் ஆங்கிலிக்கன் ஆகி, இன்று தமிழிலும் ஆராதனை நடத்துகிறது.

மலாயாவுக்குத் தமிழர் பெருந்திரளாக வந்தது ரப்பருக்காக. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அடுத்தது லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் ஆசஹான். காட்டை வெட்டியதும் நிழலில் ஓடிய மலையோடைகள் வெயிலுக்கு வந்தன. வெயில் பட்ட தெளிந்த ஓடையில்தான் அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசு முட்டையிடும். 1901 முதல் கிள்ளானில் வேலை பார்த்த டாக்டர் மால்கம் வாட்சன் போன்றவர்கள் பிறகு கண்டறிந்த உண்மை இது. அதற்குள் தோட்டத் தொழிலாளர் லயங்களில் காய்ச்சல் குடியேறிவிட்டது. மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் திரண்டு தங்கும். பிள்ளைக்குப் போகவேண்டிய சத்து குறையும். கரு கலையும், குறைமாதத்தில் பிறக்கும், இறந்தே பிறக்கும். தலைச்சன் சுமப்பவளுக்குத்தான் ஆபத்து அதிகம். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, பால்மரம் வெட்டி, காண்டா என்ற தோள்கம்பில் பால் வாளி சுமந்தவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டால், பிள்ளை தங்குமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

கத்தோலிக்க லயங்களில் அந்த நேரத்துக்கு ஒரு வழி இருந்தது. ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய சட்டம். மருத்துவச்சி கொடுக்கலாம், தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணும் கொடுக்கலாம். திருச்சபையின் கருத்தோடு நீர் ஊற்றி வார்த்தைகளைச் சொன்னால் போதும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நுணுக்கமாகவே பேசியது: தலை வெளிவந்தால் தலையில், கையோ காலோ மட்டும் வந்து உயிருக்கு ஆபத்தென்றால் அதன்மேல், நிபந்தனையோடு, கலைந்து விழுந்த கருவில் உயிர் இருப்பது சந்தேகமென்றால், உயிரிருந்தால் என்ற சொல்லைச் சேர்த்து. அந்த ‘உயிரிருந்தால்’ என்ற சொல்லுக்குள்தான் எத்தனையோ தாய்மார் தங்கள் நம்பிக்கை முழுவதையும் வைக்க வேண்டியிருந்தது. தவறிப்போனால், மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கிடையாது. அதுவும் அதே சட்டம். லயத்தில் இந்துக்களும் சிசுவை எரிப்பதில்லை, புதைப்பதுதான். கத்தோலிக்கத் தாய்க்கு மட்டும் எங்கே புதைப்பது என்பதே ஒரு தீர்ப்பாகிவிட்டது.

ரோம் இறங்கி வர நெடுநாள் ஆனது. 1969-இல் வந்த புதிய அடக்கச் சடங்குநூல், ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த பிள்ளைகளுக்கும் வழிபாடு வகுத்தது. 1992-இன் மறைக்கல்வி நூல் அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்தது. லிம்போ என்ற பேச்சே அதில் இல்லை. 2007-இல் அனைத்துலக இறையியல் ஆணையம், பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரின் ஒப்புதலோடு, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. நிச்சயம் என்று சொல்லவில்லை, நம்பிக்கை என்றே சொன்னது. லூத்தரின் சிறுநூலுக்கும் இதற்கும் இடையே 465 வருஷம்.

இதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் பல டவுனுக்கு வந்துவிட்டன. இப்போது காத்திருப்பு தொடங்குவது ஸ்கேன் அறையில். மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்று ஐந்தாம் மாதமே சொல்லிவிடுகிறார்கள். 1989-இல் திருத்தப்பட்ட மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து இருந்தால் மட்டுமே கருவைக் கலைக்க இடம் தருகிறது. பிள்ளையின் குறை தனிக் காரணமாக அதில் இல்லை. சுமப்பது என்று முடிவெடுக்கும் கத்தோலிக்கத் தாய்க்கு, ஞானஸ்நானம் பெறுமுன் பிள்ளை இறந்தாலும், பெற்றோர் கொடுக்க எண்ணியிருந்தால் கோவிலில் அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதிக்கலாம் என்கிறது 1983-இன் திருச்சபைச் சட்டம். மலாக்காவுக்கு அந்த ஆயர் இருப்பது ஜொகூர் பாருவில். அரசாங்கத்தின் கணக்கு வேறு. 22 வாரம் கடந்து பிறந்தால், உயிரோடாயினும் உயிரின்றியாயினும், வேலைவாய்ப்புச் சட்டப்படி அது பிரசவம்தான். 2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் விடுப்பு. இருபத்தோராம் வாரத்தில் போனால் வெறும் மருத்துவ விடுப்பு.